இக்னிஷன் பழுது நீங்கிய பிறகும் எரியும் எஞ்சின் விளக்கு: எந்த வழி எப்போது பொருந்தும்

பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் போன்ற பாகங்களை மாற்றி, எஞ்சின் பழையபடி சீராக ஓடத் தொடங்கிய பிறகும் டாஷ்போர்டில் உள்ள மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு அணையாமல் நிற்பது உண்டு. அவ்வாறு நிற்பதாலேயே பழுது நீங்கவில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதுபோலவே, விளக்கு அணைந்துவிட்டதாலேயே பழுது நீங்கிவிட்டது என்றும் கொள்ள முடியாது. இந்நிலையில் கார் உரிமையாளருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் நான்கு: ஸ்கேனரை இணைத்து எரர் கோடை அழிப்பது, பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது, விளக்கு தானாக அணையும்வரை ஓட்டிக்கொண்டிருப்பது, வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்கே வண்டியைத் திரும்பக் கொண்டுபோவது. நான்குமே விளக்கை அணைக்கக்கூடியவைதாம் என்றாலும், அணைத்த பிறகு காரின் உண்மை நிலை பற்றி உரிமையாளருக்கு என்ன தெரியவருகிறது என்பதில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. தேர்வுக்கு அந்த வேறுபாடே அளவுகோலாக இருக்க வேண்டும்.

இவ்விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் இசியு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. காரின் புகையைப் பாதிக்கக்கூடிய பாகங்களைக் காரே ஓடும்போது சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு ஓபிடி என்று பெயர். சோதனையில் தவறும் பாகத்திற்கு உரிய எண்ணே எரர் கோடு, அதாவது பிழைக் குறியீடு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தோடு போராடிய கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் வகுத்த விதிகளிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடு, ஓபிடி 2 என்ற வடிவில் 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திற்கும் கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலும், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் அது நடைமுறைக்கு வந்தது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட தொடக்ககால மாருதி 800-இல் இப்படியொரு விளக்கு கிடையாது. அதில் பிளக் வேலை செய்யாவிட்டால் ஓட்டுநரின் காதும் காலும்தாம் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. விளக்கு புகைக்காக ஏற்பட்டதே தவிர ஓட்டுநரின் வசதிக்காக ஏற்பட்டதன்று. எனவே வண்டி ‘நன்றாக ஓடுகிறது’ என்ற உணர்வை அது பொருட்படுத்துவதில்லை.

இக்னிஷன் கோளாறைக் கணினி எவ்வாறு அறிகிறது என்பதை ஓரளவு விளங்கிக்கொண்டால், பிற்பாடு செய்யவேண்டிய தேர்வுகள் பெரும்பாலும் தாமே தெளிவாகிவிடும். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்ச்சுகிறது. இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் பிளக்கின் தலைமீதே அமர்ந்திருக்கும். பொறி விழாமலோ வலுவின்றி விழுந்தோ சிலிண்டருக்குள் சென்ற பெட்ரோலும் காற்றும் பற்றாமல் போவதை மிஸ்ஃபயர் என்பர்; ஒர்க்‌ஷாப் பேச்சில் அதுவே ‘மிஸ்ஸிங்’. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் 180 டிகிரி திரும்பும் ஒவ்வொரு முறையும், மூன்று சிலிண்டர் எஞ்சினில் 240 டிகிரிக்கு ஒருமுறையும், ஏதேனும் ஒரு சிலிண்டர் எரிந்து அதை உந்த வேண்டும். உந்தாத வேளையில் சுழற்சி மிக நுண்ணிய அளவில் தளர்வதை, கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரத்தைக் கவனிக்கும் சென்சார் வழியாகக் கணினி கணக்கிட்டு, எந்தச் சிலிண்டரின் முறை தவறியது என்று குறித்துக்கொள்கிறது. அதாவது, உந்துதல் விழவில்லை என்பதை மட்டுமே அது இவ்வழியில் அறிகிறது. ஏன் விழவில்லை என்பதை அறிவதில்லை. பி0302 என்ற குறியீடு ‘இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்’ என்று சொல்லுமே ஒழிய, குற்றவாளி காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் குறைவா என்று சொல்லாது.

தேர்வின் முதல் படி, விளக்கு சிமிட்டுகிறதா, நிலையாக எரிகிறதா என்று பார்ப்பது. கணினி மிஸ்ஸிங்கை இரண்டு அளவுகளில் எண்ணுகிறது: கிராங்க்கின் 1000 சுற்றுகளில் புகை வரம்பை மீறச் செய்யும் அளவுக்குத் தவறுகள் இருந்தால், அது அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதிப்பட்ட பிறகு விளக்கு நிலையாக எரியும், 200 சுற்றுகளுக்குள்ளேயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குத் தவறுகள் குவிந்தால், விளக்கு சிமிட்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களைப் பூசிய, தேன்கூட்டுத் துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. எஞ்சினிலிருந்து வரும் நச்சு வாயுக்களை அது மாற்றி வெளியே விடுகிறது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து, அதன் வெப்பத்தை 1000 டிகிரி செல்சியஸை நெருங்கவைக்கும்போது அந்தப் பூச்சு செயலிழக்கத் தொடங்குகிறது. ஆகவே, பழுது பார்த்து வெளிவந்த வண்டியில் விளக்கு சிமிட்டினால் மேற்சொன்ன நான்கு வழிகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க இடமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, மெக்கானிக்கை வரவழைப்பதோ வண்டியைக் கட்டியிழுத்துச் செல்வதோதான் முறை. ஒரு காயிலின் விலையை மிச்சப்படுத்தப் போய் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள கன்வெர்ட்டரை இழப்பது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

விளக்கு நிலையாக எரிந்தால் அவசரம் குறைவு. ஆனால் எதையும் அழிப்பதற்கு முன் படித்துவிட வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகே இருக்கும் 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட்டில் ஒரு சிறு புளூடூத் அடாப்டரைச் செருகி, கைபேசிச் செயலி வழியாகக் குறியீட்டைப் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்கான எளிய அடாப்டர்கள் இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன. குறியீட்டோடு ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்ற பதிவும் இருக்கும். பிழை பதிவான கணத்தில் எஞ்சினின் ஆர்பிஎம், சுமை, கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் ஆகியவை என்னவாக இருந்தன என்பதைக் காட்டும் இந்தப் பதிவு, குறியீட்டை அழிக்கும்போது அதனுடன் சேர்ந்து அழிந்துவிடும். அதைக் கைபேசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அழிப்பது, விசாரணை தொடங்குமுன்பே தடயத்தைத் துடைப்பதற்கு ஒப்பாகும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுவது நல்லது. அந்தச் சாக்கெட்டின் ஒரு முனைக்குப் பேட்டரி மின்சாரம் எப்போதும் வருவதால், வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் அது பேட்டரியைக் கொஞ்சங்கொஞ்சமாக வடித்துவிடும்.

படித்த குறியீடு எத்தகையது என்பதே அடுத்த கிளைப் பிரிவு. பி0300 என்பது குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பரவலான மிஸ்ஸிங். பி0301 முதல் பி0304 வரை அந்தந்தச் சிலிண்டரின் மிஸ்ஸிங். பி0351 முதல் பி0354 வரை அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு. பழுது பார்ப்பதற்கு முன் பி0302 இருந்து, பின்னரும் அதுவே பழைய பதிவாக மட்டும் நிற்குமானால், எஞ்சின் சரியாகிவிட்டது, கணினிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று கொள்ளலாம். பி0302 இருந்த இடத்தில் பி0352 புதிதாக முளைத்திருந்தால், பெரும்பாலும் அது பழுது பார்த்த கையின் விளைவு: காயிலின் பிளாஸ்டிக் கனெக்டர் ‘கிளிக்’ என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நிற்கலாம், அல்லது சூட்டில் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்த பழைய கனெக்டரின் பூட்டு கழற்றும்போதே உடைந்திருக்கலாம். காயிலை எட்டுவதற்காகக் கழற்றிய காற்றுக் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டால், கணினி கணக்கில் வைக்காத காற்று உள்ளே நுழைந்து, பெட்ரோல் குறைவான கலவையைக் குறிக்கும் பி0171 தோன்றலாம். அதே பி0171 வேறு காரணத்தாலும் வரக்கூடும்: மிஸ்ஸிங் இருந்த நாட்களில் எரியாத காற்றிலிருந்த ஆக்சிஜன் சைலன்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்ற, கணினி பெட்ரோல் போதவில்லை என்று எண்ணிக் கூடுதலாகச் செலுத்தப் பழகியிருக்கும், இத்தகைய குறியீடு பழைய கோளாறின் எச்சமாதலால் பழுது பார்த்த பின் மறையும். கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதைச் சொல்லும் பி0420 வந்தால் செய்தி கசப்பானது. மிஸ்ஸிங்கோடு நெடுநாள் ஓட்டியதன் விலை அதுவாக இருக்கலாம். காயிலை மாற்றியவர்மீது அதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது.

இனி நான்கு வழிகளையும் மதிப்பிடலாம். பழைய குறியீடு மட்டுமே இருந்து, வண்டி சீராக ஓடும்போது, ஸ்கேனர் கொண்டு அழிப்பதே முதன்மையான தேர்வு. விளக்கு உடனே அணையும். அதைவிட முக்கியமாக, கணினி வெறும் பலகையிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்குவதால், அதன் பிறகு வரும் எந்தப் பதிவும் பழையதா புதியதா என்ற ஐயத்துக்கு இடமில்லை. இரண்டு மூன்று நாட்கள் ஓட்டிய பின் மீண்டும் அடாப்டரைச் செருகி, ‘பெண்டிங்’ எனப்படும் நிலுவைக் குறியீடு, அதாவது ஒருமுறை மட்டும் தென்பட்டு இன்னும் உறுதிப்படாத பிழை, ஏதும் இருக்கிறதா என்று பார்த்தால், விளக்கு எரிவதற்கு முன்பே கோளாற்றைப் பிடித்துவிடலாம். பல கார்களில் ‘மோட் 6’ என்ற பகுதி சிலிண்டர்வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கையையும் காட்டும். இரண்டாம் சிலிண்டரில் மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், விளக்கு எரியாவிட்டாலும் வேலை முடியவில்லை என்பது பொருள்.

தானாக அணையும்வரை காத்திருப்பது ஸ்கேனர் இல்லாதவருக்கு உரிய நேர்மையான வழி. மெதுவானது என்பதே அதன் குறை. அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் கணினி விளக்கை அணைத்துவிடும். குறியீடோ 40 வெப்பமேற்றச் சுழற்சிகள் கழியும்வரை நினைவகத்தில் நிற்கும். இந்த எண்ணிக்கைகளைப் பலர் பிழையாகப் புரிந்துகொள்கின்றனர். வீட்டு வாசலில் மூன்றுமுறை சாவியைத் திருப்பி அணைப்பது மூன்று ஓட்டங்கள் ஆகாது; உரிய சோதனை நடக்கும் அளவுக்கு எஞ்சின் ஓடியிருக்க வேண்டும். வெப்பமேற்றச் சுழற்சி என்றால் கூலன்ட் குறைந்தது 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்து 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பதால், சூடான எஞ்சினோடு காய்கறிக் கடையில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்புவது கணக்கில் சேராது. மிஸ்ஸிங்குக்கு மட்டும் இன்னொரு நிபந்தனை உண்டு: பிழை முதலில் பதிவான அதே சூழல், ஏறக்குறைய அதே ஆர்பிஎம்மிலும் அதே சுமையிலும், மீண்டும் வந்து அப்போதும் தவறு நேராமல் இருந்தால்தான் அந்த ஓட்டம் நல்ல ஓட்டமாகக் கொள்ளப்படும், விதிகள் இதற்கு 375 ஆர்பிஎம், 20 விழுக்காடு சுமை என்ற அளவுக்கு வேறுபாட்டை அனுமதிக்கின்றன. ஏற்காட்டு மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறும்போது பதிவான பிழை, சேலம் நகருக்குள் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தால் எளிதில் விலகாததற்கு இதுவே காரணம். ஃப்ரீஸ் ஃபிரேமை எடுத்து வைத்திருப்பவருக்கு எந்தச் சூழலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும், மற்றவருக்குத் தெரியாது.

பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது, செலவில்லாதது என்பதாலேயே பெயர் பெற்றுவிட்ட மோசமான வழி. கணினி பல ஆயிரம் கிலோமீட்டரில் கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தங்களையும் ஐடில் வேக அமைப்பையும் அது சேர்த்து அழிப்பதால், சில நாட்களுக்கு ஐடில் ஏறி இறங்கலாம். புது காயிலில்தான் கோளாறு என்று அப்போது தவறாகத் தோன்றும். கடிகாரம், ரேடியோ, தானாக ஏறும் ஜன்னல் போன்றவற்றையும் மறுபடி அமைக்க நேரலாம். இத்தனைக்கும் பிறகு, குறியீடுகளை மின்சாரம் இல்லாமலேயே தக்கவைக்கும் நினைவகம் கொண்ட கார்களில் விளக்கு மீண்டும் எரியும். அமெரிக்காவில் 2010 மாடல் ஆண்டு முதல் படிப்படியாக வந்த நிரந்தரக் குறியீடு என்ற ஏற்பாடு, பேட்டரியைக் கழற்றினாலும் சரி, ஸ்கேனரால் அழித்தாலும் சரி, போகாது; கோளாறு இல்லை என்று காரே சோதித்துத் தேர்ந்தால்தான் போகும். அந்த விதியை எழுதியவர்கள் இந்தக் குறுக்குவழியை நன்கு அறிந்தே எழுதியிருக்கின்றனர்.

எவ்வழியில் அணைத்தாலும் விளக்கற்ற டாஷ்போர்டை உடனே நம்பிவிடலாகாது. குறியீட்டை அழித்ததும் ‘ரெடினஸ்’ எனப்படும் தயார்நிலைப் பட்டியலும் வெறுமையாகிவிடுகிறது. கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவித் தடுப்பு முதலியவற்றைக் கணினி மறுபடி சோதித்து முடிக்கும்வரை அவை ‘முடியவில்லை’ என்றே காட்டும். கன்வெர்ட்டர் சோதனைக்குப் பெரும்பாலான கார்களில் நிறுத்தமின்றிச் சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும். அண்ணா சாலை நெரிசலில் அலுவலகம் போய்வரும் காரில் அச்சோதனை வாரக்கணக்கில் முடியாமலே இருக்கலாம், விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை சென்று வந்தால் முடிந்துவிடலாம். சில கார்களில் கிராங்க் சக்கரத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வுகளைக் கணினி மறுபடி கற்றுக்கொள்ளும்வரை மிஸ்ஸிங் கண்காணிப்பே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். அத்தகைய இடைவெளியில் விளக்கு எரியாததற்குக் காரணம், கணினி இன்னும் கவனிக்கத் தொடங்கவில்லை என்பதுதான்.

காரை யார் பரிசோதிக்கப் போகிறார் என்பதும் தேர்வைத் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியாவின் புகைச் சோதனையில் விளக்கு எரிந்தாலும் தோல்வி, தயார்நிலை முடியாவிட்டாலும் தோல்வி. 2019 ஜூலை முதல், 2010-உம் அதற்குப் பிந்தையதுமான மாடல்களில் நிரந்தரக் குறியீடும் பார்க்கப்படுகிறது. அங்கே சோதனைக்கு முதல்நாள் குறியீட்டை அழிப்பதால் பயன் எதுவும் இல்லை. பிரிட்டனில் 2018 மே 20 முதல், 2003 ஜூலை முதல் பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் காரில் இவ்விளக்கு எரிந்தால் எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையில் தேறாது. தமிழ்நாட்டில் மாசுச் சான்றிதழுக்காகப் பெட்ரோல் கார்களில் சைலன்சர் முனையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பதே சோதனையின் மையம் என்பதால், விளக்கை அணைக்கும் நெருக்கடி அந்தப் பக்கத்திலிருந்து குறைவு. பழைய கார் வாங்கும்போதுதான் இது கூர்மையாகிறது: விளக்கு எரியவில்லை, ஆனால் தயார்நிலைப் பட்டியல் முழுதும் வெறுமையாக இருக்கிறது என்றால், யாரோ சமீபத்தில் எதையோ அழித்திருக்கிறார்கள்.

அழித்த பிறகும் அதே குறியீடு திரும்பினால், ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்புவதே வழி. அதற்கு முன் உரிமையாளரோ மெக்கானிக்கோ செய்யத்தக்க ஒரு சோதனை, செலவில்லாததாயினும் மிகுந்த பயன் உடையது. எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, புகார் உள்ள இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாம் சிலிண்டரிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்த வேண்டும். பிளக்குகளைத் தொடக்கூடாது, கனெக்டர் கம்பிகள் அந்தந்தச் சிலிண்டரிலேயே இருக்க வேண்டும். குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்கையில் பி0303 வந்தால், காயிலோடு சேர்ந்து குற்றமும் இடம்பெயர்ந்தது, எனவே காயில்தான் கெட்டது, அது நேற்று வாங்கிய புதுக் காயிலாகவே இருந்தாலும். பி0302 இடம் மாறாமல் நின்றால், அடுத்தபடியாகப் பிளக்குகளை இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று விசாரணை நகரும். காயிலைத் தூக்கும்போதே பிளக் குழியினுள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது: அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் மேலிருக்கும் வால்வ் கவரின் கேஸ்கெட் கசிகிறது, தண்ணீர் நின்றால் வாட்டர் சர்வீஸில் எஞ்சின்மேல் பீய்ச்சிய நீர் இறங்கியிருக்கிறது, பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு ஓடினால் மின்சாரம் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவிக்கொண்டிருக்கிறது. இவை இருக்கும்வரை எத்தனை புதுக் காயில் போட்டாலும் மிஸ்ஸிங் திரும்பும்.

எல்லாக் காயில்களையும் சேர்த்து மாற்றுவதா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: பிளக்குகளை எப்போதும் செட்டாக மாற்ற வேண்டும், தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த வகையும் இடைவெளியும் பிசகாமல், காயிலில் கெட்டதை மட்டும் மாற்றினால் போதும், மற்றவையும் அதே வயதில் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டு வந்தாலன்றி. வாரண்டி உள்ள வண்டியாயின் இச்சோதனைகளில் எதையும் வீட்டில் செய்யாமல், எரியும் விளக்கோடு அப்படியே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பு.

பழுது பார்த்து முடிந்து வண்டியை எடுக்கும்போது, வேலைக்கு முன் இருந்த குறியீட்டையும் பின்னர் ஸ்கேனர் காட்டியதையும் பில்லிலேயே எழுதித் தரும்படி உரிமையாளர் கேட்க வேண்டும். கழற்றிய காயிலையும் பிளக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து விளக்கு மீண்டும் எரிந்தால், வாதாடுவதற்கு அவரிடம் இருக்கப்போகும் ஆதாரங்கள் அவையே.